வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க: முதல் ஒப்பந்தம் போடுகிறவருக்கு

போன ஜூலையில் ஓர் இரவு, டொரண்டோவில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, கிழக்கு ஐரோப்பாவில ஒரு டீம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கு. நாளைக்குள்ள கையெழுத்து வேணுமாம். போடலாமா?" அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம். சம்பளத் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. அதை எந்தத் தேதியில் தருவார்கள் என்று எங்கேயும் இல்லை. காயம் பட்டால் என்ன ஆகும், வீட்டு வாடகை யார் பொறுப்பு, ஊர் திரும்ப டிக்கெட் யார் எடுப்பது, தகராறு வந்தால் எங்கே முறையிடுவது, ஒன்றும் இல்லை. போடாதே என்றேன். அன்று விடிய விடிய அவனிடம் பேசியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நான் ஆட்டக்காரன் இல்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க் கிளப்பில் பல வருடங்களாகக் கூடமாட உதவி செய்கிறேன். ஆகஸ்டில் விமான நிலையம் போய்ப் புது ஆட்டக்காரரை அழைத்து வருவது, நகராட்சியில் முகவரி பதிய வைப்பது, கட்டில் மெத்தை ஏற்பாடு செய்வது, மே மாதம் வழியனுப்புவது என்று இருக்கும். எங்கள் கிளப்பில் தொடங்கிப் பத்து வருடம் தாக்குப்பிடித்தவர்களும் உண்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பே பெட்டியைக் கட்டியவர்களும் உண்டு. இவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. முதல் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. சம்பளம் ஒழுங்காக வருகிற, முப்பது நிமிடம் களத்தில் ஆட விடுகிற இடமா என்று பாருங்கள். இரண்டாவது ஒப்பந்தம் அந்த வருட வீடியோவில் இருந்துதான் பிறக்கும்.

இது யாருக்கான வேலை

வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 30 டீம்கள். ஒவ்வொன்றிலும் முழு ஒப்பந்தம் 15 பேருக்கு, ஆக 450 இடம். அதற்கு மேல் டீமுக்கு மூன்று பேர், என்.பி.ஏ.வுக்கும் அதன் கீழ் லீக்குக்கும் மாறி மாறிப் போய்வரும் இருவழி ஒப்பந்தத்தில் இருக்கலாம். டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர டிராஃப்டில் எடுப்பது 60 பேருக்குள். அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் மட்டுமே 350க்கு மேல். மீதிப்பேர் இந்த ஆட்டத்திலேயே பிழைக்க நினைத்தால் கடல் கடந்துதான் போக வேண்டும்.

அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முகத்திலேயே அது தெரியும். அவர்களிடம் நான் பி.ஜே. டக்கரைப் பற்றிச் சொல்வேன். 2006 டிராஃப்டில் 35ஆவது ஆளாக டொரண்டோ எடுத்தது. அங்கே நிலைக்கவில்லை. அடுத்த ஐந்து வருடம் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஆடினார். 2012இல் ஃபீனிக்ஸ் டீம் அவரை மறுபடி என்.பி.ஏ.வுக்குக் கூட்டி வந்தது. 2021இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கினார். மைக் ஜேம்ஸை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2012இல் ஜாக்ரெப், அப்புறம் இத்தாலியின் கீழ்ப் பிரிவில் ஒமேன்யா என்ற சிற்றூர் என்று ஆரம்பித்தவர். ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக்கின் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற இடத்துக்கு வந்தார், 2024இல் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார்.

இவர்கள் உச்சிக்குப் போனவர்கள். பெரும்பாலானவர்கள் எட்டுப் பத்து வருடத்தில் ஆறு நாடு பார்த்து, கொஞ்சம் பணம் சேர்த்து, முழங்கால் தேய்ந்து வீடு திரும்புவார்கள். அதுவும் மரியாதையான பிழைப்புதான்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

உங்கள் விலையை உங்கள் உயரத்துக்கு அடுத்தபடியாக முடிவு செய்வது பாஸ்போர்ட். ஏறக்குறைய எல்லா லீக்கிலும் வெளிநாட்டுக்காரருக்கு ஒரு வரம்பு உண்டு. ஜெர்மனியின் முதல் பிரிவில் பன்னிரண்டு பேர் பட்டியலில் ஆறு பேராவது ஜெர்மானியராக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. லீக்கில் இம்போர்ட்டை, அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரரை, அனுமதிக்கும் போட்டிகளில் வழக்கமாக டீமுக்கு ஒரே ஒருவர்தான், அதிலும் உயர வரம்பு வைப்பார்கள். ஜப்பானின் பி லீக்கில் வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, சில ஆசிய நாட்டவருக்குத் தனிக் கணக்கு. அந்த ஆசிய இடத்தில்தான் 2020இல் பிலிப்பைன்ஸில் இருந்து தேர்டி ரவேனா போனார், அவருக்குப் பின்னால் பலர் போனார்கள்.

1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரை வெளிநாட்டுக்காரராக எண்ண முடியாது. அதனால்தான் அமெரிக்க ஆட்டக்காரர்கள் அயர்லாந்துப் பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். ஸ்பெயின் போன்ற நாடுகளில் 'கொட்டனூ' என்ற சொல்லையும் கேட்பீர்கள். ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை வெளிநாட்டு வரம்பில் சேர்க்காத ஏற்பாடு அது. இப்படி ஒரு பாஸ்போர்ட் கிடைக்க வழி இருந்தால் கல்லூரி முடிவதற்குள் விண்ணப்பியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ வளர்ந்தவர்கள் இந்திய அணிக்கு ஆடலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது, அதனால் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவரால் முடியாது. இலங்கை இரட்டைக் குடியுரிமை தருகிறது. ஆனால் ஒரு நாட்டின் குடியுரிமையை 16 வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் ஒருவருக்கு மேல் அந்த நாட்டு அணியில் இருக்கக் கூடாது என்பது ஃபீபாவின் விதி. ஃபீபா என்றால் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீடியோவும் ஏஜெண்டும்

எம்பிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்ட வீடியோவை எந்தக் கோச்சும் முழுதாகப் பார்ப்பதில்லை. எங்கள் கோச் இருபது விநாடியில் மூடிவிட்டு, "முழு ஆட்டம் இரண்டு அனுப்பச் சொல், அதில் ஒன்று அவர்கள் தோற்ற ஆட்டமாக இருக்கட்டும்" என்பார். தோற்கும்போது ஒருவன் தடுப்பாட்டத்துக்கு ஓடித் திரும்புகிறானா என்று பார்ப்பதற்காக. அதனால் வெட்டாத முழு ஆட்டங்கள் இரண்டு, மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்று, உண்மையான உயரம். செருப்பில்லாமல் அளந்த உயரத்தைக் கொடுங்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் அது தெரிந்துவிடும்.

ஏஜெண்ட் ஃபீபா உரிமம் பெற்றவரா என்று ஃபீபா இணையதளப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். கமிஷன் வழக்கமாக 10 சதவீதம், ஐரோப்பாவில் பெரும்பாலும் அதைக் கிளப்பே சம்பளத்துக்கு மேல் தனியாகக் கொடுக்கும். முன்பணம் கட்டு, முகாமுக்குப் பணம் கட்டு, விசாச் செலவு அனுப்பு என்று கேட்கிறவர் ஏஜெண்ட் இல்லை. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். நல்ல ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கிளப்பில் போன வருடம் ஆடிய உங்கள் ஆட்டக்காரர் நம்பர் கிடைக்குமா?" கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டு, சம்பளம் எத்தனை நாள் தாமதமானது என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில், ஒப்பந்தத்தில் இல்லாததெல்லாம் வெளியே வரும்.

ஒப்பந்தம்: இங்கே நிதானமாக இருங்கள்

என் மனசுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. கண்ணெதிரே ஒருவர் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர்க் கிளப்புக்கு ஓர் ஆட்டக்காரர் வந்து இறங்கினார், வயது 23. மறுநாளே பயிற்சி, அதற்கடுத்த வாரம் நட்பு ஆட்டம், அதில் ஒழுங்காகவே ஆடினார். மூன்றாவது வாரம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முழங்காலில் பழைய கிழிசல் இருப்பதாக ஸ்கேனில் வந்தது. 'மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும்' என்ற வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அவர் இடத்துக்கு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வேறு 'பாயிண்ட் கார்டு' ஒருவரைப் பிடித்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் காரில்தான் விமான நிலையம் போனார். ஒப்பந்தத் தாளை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார்.

அவர் ஒப்பந்தத்தில் இல்லாமல் போனது ஒரு வரிதான். 'வந்து சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் பரிசோதனை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டாலோ, அதற்கு முன் பயிற்சியிலோ ஆட்டத்திலோ இறக்கினாலோ, தேறியதாகவே கொள்ளப்படும்.' இந்த வரி வேண்டும் என்று கேளுங்கள். ஊரில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துக் கிளப்புக்கு அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. பழைய காயத்தை மறைக்காதீர்கள்.

சம்பளத்துக்குத் தேதி இருக்க வேண்டும்: எந்த மாதம் எந்த நாள், எந்த நாணயம், வரி போகக் கையில் வருவதா இல்லையா. தாமதத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். வழக்கமாக 15 நாள் தாண்டினால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் போகாமல் இருக்க உரிமை, 30 நாள் தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்து மீதிச் சம்பளம் முழுவதையும் கேட்க உரிமை என்று எழுதுவார்கள். ஆட்டத்தில் காயம் பட்டாலும், ஆட்டம் சரியில்லை என்று நீக்கினாலும் சம்பளம் உண்டு என்ற உறுதி வேண்டும். 'உத்தரவாதம்' என்ற சொல் மட்டும் இருந்து அடுத்த பத்தியில் 'தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் கிளப் நீக்கலாம்' என்று இருந்தால் அது உத்தரவாதமே இல்லை. வீடு தனியா, பங்கா? மின்சாரமும் இணையமும் யார் பொறுப்பு? கார் உண்டா? போக வர விமான டிக்கெட் எத்தனை? எல்லாம் தாளில் ஏற வேண்டும்.

கடைசியாகத் தகராறு விதி. 2007இல் இருந்து ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் இயங்குகிறது, சுருக்கமாக 'பேட்' என்பார்கள். ஒரே ஒரு நடுவர், பெரும்பாலும் தாள்களை வைத்தே, ஆங்கிலத்தில், எந்த நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பைக் கிளப் மதிக்காவிட்டால் புது வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பதிவு செய்யவிடாமல் ஃபீபா தடை போடலாம். இந்தத் தடைக்குத்தான் கிளப்புகள் பயப்படும். ஆனால் அந்த விதி உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அங்கே போக முடியும். அதன் மாதிரி வாசகம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கிளப்பை விட்டுவிடுங்கள். வழக்குப் போட முன்கூட்டியே கட்டணம் கட்ட வேண்டும், அதனால் சின்னச் சம்பளக்காரருக்குச் சுலபமான வழி என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்த வரி தாளில் இருக்கிற கிளப், பணத்தை ஓரளவு நேரத்துக்குத் தருகிறது.

எவ்வளவு கேட்கலாம் என்பீர்கள். நான் பார்த்த கீழ்ப் பிரிவு ஒப்பந்தங்களில் முதல் வருடக்காரருக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் யூரோ, கூடவே வீடு, சில இடங்களில் கார். பெரிய கனவோடு வருகிறவருக்கு இது சுருக்கென்று குத்தும். வாடகை இல்லாமல் ஒரு வருடம் ஆடி வீடியோ சேர்க்கிற வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தாள்கள்

ஒரு நாட்டுக் கூட்டமைப்பில் இருந்து இன்னொன்றுக்குப் போக 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' வேண்டும். நீங்கள் வேறு கிளப்போடு ஒப்பந்தத்தில் இல்லை என்று பழைய கூட்டமைப்பு தரும் கடிதம். கிளப்பே கேட்டு வாங்கும், ஆனால் அது வராமல் ஆட முடியாது.

விசா விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியைச் சொல்கிறேன். அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்காரர் விசா இல்லாமல் வந்து இங்கேயே அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர் ஊரில் தூதரகத்திலேயே விசா வாங்கி வர வேண்டும், அதற்கு ஜூனிலேயே தொடங்க வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பெயரில் அனுமதி பெற, ஓய்வூதியக் காப்பீட்டுக்கான வருமான உச்சவரம்பில் பாதியாவது சம்பளம் இருக்க வேண்டும் என்றும், விளையாட்டுக் கூட்டமைப்பு தகுதியை உறுதி செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சம்பளம் குறைந்த கீழ்ப் பிரிவுக் கிளப் 'வா, பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் எந்த அனுமதியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

வந்து இறங்கிய முதல் வாரம்

சனிக்கிழமை வந்தால் கடை மூடுவதற்குள் ரொட்டி, முட்டை, தண்ணீர் வாங்கிவிடுங்கள். ஞாயிறு ஜெர்மனியில் கடை கிடையாது. ஆறடி எட்டு அங்குலக்காரர் ஒருவர் முதல் ஞாயிறு முழுவதும் விமானத்தில் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கூப்பிடவில்லையாம். கூப்பிடுங்கள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம்.

கார் பெரும்பாலும் விளம்பரதாரர் பெயர் ஒட்டிய சின்னக் கார், கையால் கியர் போடுவது. அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் பலருக்கு அது தெரியாது. ஊரிலேயே பத்து மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள். சாவி வாங்கும்போது கீறல் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அன்றே கிளப்புக்கு அனுப்புங்கள். வீட்டையும் அப்படியே. அமெரிக்க உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும், அப்புறம் மாற்ற வேண்டும்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் புறப்படும் முன் பாருங்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டது பெட்டியில் இருந்த கஞ்சா எண்ணெய்க் குப்பிகளால். டிசம்பரில்தான் வெளியே வந்தார். உங்கள் ஊரில் மருந்துக்கடையில் கிடைக்கிற எண்ணெயும் மாத்திரையும் இன்னொரு நாட்டில் குற்றமாக இருக்கலாம். என்.பி.ஏ. 2023இல் கஞ்சாப் பரிசோதனையைக் கைவிட்டுவிட்டது, ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் போட்டிக் காலத்தில் அது தடைதான். ஆஸ்துமா இன்ஹேலர், கவனக்குறைவுக்கான மாத்திரை எதுவானாலும் டீம் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

களத்தில்

ஃபீபா ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதி. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், இப்போது கல்லூரியிலும் அதே தூரம் என்பதால் கை பழகியிருக்கும். பழகாதது வேகம்தான். பந்து கைக்கு வந்தால் வளையத்தை நோக்கி எறிய அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 30 விநாடி, இங்கே 24. எறிந்து தவறிய பந்தைத் தாக்கும் டீமே மறுபடி பிடித்தால் (ரீபவுண்ட்) கல்லூரியில் 20, இங்கே 14. எட்டு விநாடிக்குள் பாதிக் களத்தைக் கடக்க வேண்டும். டைம் அவுட்டை ஆட்டக்காரர் கேட்க முடியாது. வளையத்தில் பட்டுவிட்ட பந்தை யாரும் தட்டிவிடலாம் என்பதால் உயரமானவர்கள் அதை முதல் வாரத்திலேயே பயிற்சி செய்யுங்கள், இலவசப் புள்ளி அது. டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது, தொடங்கும்போது பந்து கையை விடும் முன் ஊன்றிய கால் எழுந்தால் உடனே விசில். புதிதாக வரும் 'கார்டு' ஆட்டக்காரர்கள் முதல் மாதம் முழுவதும் இதில்தான் பந்தை இழப்பார்கள்.

இம்போர்ட்டாக வந்தவரிடம் புள்ளியும் வெற்றியும் எதிர்பார்ப்பார்கள். டீம் நாலு ஆட்டம் தோற்றால் கோச்சுக்கு அடுத்தபடி உங்கள் இடம்தான் ஆடும். அதற்காகப் பந்தைப் பிடித்து வைத்து 25 புள்ளி எடுத்தால் உள்ளூர்க்காரர்கள் ஜனவரிக்குள் பந்து தருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள், அதை மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் போங்கள். கிளப்பின் தலைவர் பேத்தி அங்கேதான் ஆடிக்கொண்டிருப்பாள்.

வரியும் நாள்காட்டியும்

அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்கு 2025க்கு 1,30,000 டாலர் வரை. ஆனால் அதற்குரிய எளிய சோதனை பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருப்பது. ஆகஸ்டில் வந்து மே கடைசியில் போகிறவருக்கு அது எட்டாது. அப்போது இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி இருக்கிறது, அதற்குக் கிளப் உங்கள் பேரில் வரி கட்டிய சான்றிதழ் வேண்டும். கையில் வருவதுதான் சம்பளம் என்று போட்ட ஒப்பந்தத்தில் இந்தச் சான்றிதழைத் தரும் கடமையையும் எழுதிவிடுங்கள். கனடாவில் குடியுரிமையை வைத்தல்ல, வசிப்பிடத் தொடர்புகளை வைத்து வரி. டொரண்டோத் தம்பிகள் ஒரு கணக்காளரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு லீக்கின் சம்பளம் வருடத்துக்குப் போதாது. ஐரோப்பாவில் மே மாதம் முடிந்ததும் சிலர் போர்ட்டோ ரிக்கோ போவார்கள், அங்கே கோடையில் ஆட்டம். 2019இல் தொடங்கிய கனடாவின் சி.இ.பி.எல். மே முதல் ஆகஸ்ட் வரை. ஆஸ்திரேலியாவில் ஆடுகிறவர்கள் அது முடிந்ததும் பக்கத்திலேயே நியூசிலாந்து லீக்குக்குத் தாவுவார்கள். உடம்பு தாங்குமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருடம் தாங்கும்.

ஒரே ஊரில் வேர் பிடிப்பதும் ஒரு வழி. ஜஸ்டின் பிரவுன்லீ 2016இல் மணிலாவின் ஹினெப்ரா டீமுக்கு இன்னொரு இம்போர்ட்டுக்குப் பதிலாகத்தான் வந்தார். கோப்பை மேல் கோப்பை, ஊரே கொண்டாடியது. 2023 ஜனவரியில் தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். அந்த வருடமே ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தில் 1962க்குப் பிறகு முதல் தங்கத்தை எடுத்தபோது அந்த அணியில் இருந்தார்.

கிளம்பும்போது

கடைசிச் சம்பளம் வங்கியில் ஏறியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காரையும் வீட்டையும் மறுபடி படம் எடுங்கள். நகராட்சியில் முகவரியை நீக்குங்கள், இல்லாவிட்டால் மாதக் கட்டணக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம், வரி திரும்ப வந்தால் தேவைப்படும். முழு சீசன் ஆட்டங்களின் வீடியோவையும் புள்ளிவிவரத்தையும் உங்கள் சொந்த வட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். கிளப்பின் கணக்கு ஜூலையில் மூடிவிடும், அதே ஜூலையில்தான் அடுத்த கோச் வெட்டாத முழு ஆட்டம் இரண்டு கேட்பார்.

அந்தத் தம்பிக்குப் பிறகு ஆகஸ்ட் நடுவில் வேறொரு நாட்டில் இருந்து ஆறு பக்க ஒப்பந்தம் வந்தது. சம்பளம் முதலில் வந்ததைவிட முந்நூறு யூரோ குறைவு. நாலாவது பக்கத்தில் தேதியும், ஆறாவது பக்கத்தில் பேட் வரியும் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு, கியர் காரில் பழகப் போவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.